சயாமிலிருந்து வந்த குங்குமம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
8-11-70

தம்பி பரசுராமனுக்கு அக்கா பெரியநாயகி எழுதறது.

எல்லாரும் சௌக்கியம்னு எழுதினா பொய்யாப் பூடும். என் பொண்ணு அலமுக்கு இடம் அமைஞ்சுது. திருப்புட்குழி கண்ணாயிரம் மவன், பஸ்ஸுல கண்டக்டர். தை இருபத்தொண்ணு முகூர்த்தம். பந்தக்கால் நட தாய்மாமன் இல்ல. தாய்மாமன் பாங்காக்கு மில்லுல தறிக்கு எண்ணெ வுட்டுக்கினு இருக்கறான். சரி, அத்த வுடு.

வந்திருக்கற வம்பு வேற. தட்டு மாத்தறப்ப அந்தக் கண்ணாயிரம் நம்ம அம்மாவ மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் உங்க மாமாவத் தனியா இட்டுக்கினு போயி, "உங்க மாமியாரு வூட்டுக்காரரு சயாமுல காணாமப் போயி இருபத்தேழு வருசம் ஆவுதாமே. பன்னெண்டு வருசம் சேதி இல்லாதவனுக்குக் காரியம் பண்ணிடறதுதான முறை? அந்தம்மா இத்தாம்பெரிய பொட்டு வச்சுக்கினு மணையில ஆரத்தி எடுத்தா எங்க ஜனம் ஒத்துக்காது. ஆளு இருக்காருன்னா ஒரு சேதி காட்டுங்க. இல்லன்னா பின்னால ஒக்கார வைங்க"ன்னு கேட்டாராம்.

நைனா மலேயா தோட்டத்துக்குப் போனப்ப எனக்கு ஆறு வயசு. நீ வயித்துல. ஜப்பான்காரன் ரயிலு ரோடு போட சயாமுக்குப் புடிச்சிக்கினு போனான். கூடப் போன ஐயம்பேட்டை அப்பாதுரை நாப்பத்தாறுல திரும்பி வந்து, "காய்ச்சலோட கேம்ப வுட்டு ஓடினாரு, ஆத்துல யாரோ படகுல ஏத்திக்கினு போனாங்க, செத்தத நான் பாக்கல"ன்னான். அந்தக் கடைசி மூணு சொல்லுதான் இத்தினி வருசமா அம்மா நெத்தியில இருக்குது.

நீ அந்த ஊருலயே இருக்கற. ஒரு காயிதம் எழுது. நைனாவத் தெரிஞ்ச ஆளப் பாத்தேன், எங்கியோ சௌக்கியமா இருக்காராம்னு நாலே வரி. கண்ணாயிரத்துக்குக் காட்டிட்டுப் பொட்டியில வச்சுடறேன்.

அம்மா உன் பேரச் சொல்றதில்ல. நீ கெளம்பின அன்னிக்கு ரயிலடியில அத்தினி ஜனத்துக்கு நடுவுல "செத்தவனுக்கு எதுக்கும்மா பொட்டு, தொடச்சுப் போடு"ன்னு கத்தினியே. மறந்துட்டியா?

பெரியநாயகி

---

பாங்காக்
20-11-70

அக்கா,

கடிதம் வந்தது. முடியாது.

தறி ஓடினால் ஓடுது என்று எழுதுவேன், ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்று எழுதுவேன். அதுக்குத்தான் எனக்கு டிப்ளமா கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கிறார்கள். இல்லாத ஆளை இருக்கிறார் என்று எழுத எனக்கு வராது. நாளைக்கு அந்தக் கண்ணாயிரம் "எங்கே இருக்கார், விலாசம் கொடு" என்றால் என்ன செய்வாய்? இன்னொரு பொய்யா?

நான் தேடவே இல்லை என்று நினைக்காதே. வந்த இரண்டாம் மாசமே ரயில் ஏறி, ஜப்பான்காரன் நைனா மாதிரி ஆட்களை வைத்துக் கட்டின அந்த ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல் நட்டு, ஒவ்வொன்றிலும் பேர், வயசு வெட்டி வைத்திருக்கிறார்கள். புல்லைக்கூட ஒரே உயரத்துக்கு வெட்டுகிறார்கள். நம் ஆட்களுக்கு ஒரு கல்லும் இல்லை. கணக்கே இல்லாமல் செத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு ஓடின ஒருத்தர் பிழைத்தார் என்று நான் எப்படி நம்புவது?

ரயிலடியில் சொன்னது உண்மை. உண்மையை யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, புது மிஷின் இறங்குகிறது. அலமுக்கு என் ஆசி.

பரசுராமன்

---

பிள்ளையார்பாளையம்
2-12-70

தம்பிக்கு,

கல்லப் பாத்தேன்னு எழுதினியே, மனுசன யாரையாவது கேட்டியா? அங்க மாரியம்மன் கோயில் இருக்குது, நம்ம ஜனம் வருதுன்னு மொதக் காயிதத்துல நீதான் எழுதின. ஒரு ஆளக் கேட்டிருப்பியா? கேக்கமாட்ட. உனக்கு எல்லாம் தெரியும். மிசினு படிச்சவன்.

அம்மா ஒரே பேச்சா சொல்லிட்டா. பின்னால ஒக்காரச் சொன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாளாம். "வாசல்ல வாழமரம் கட்டறன்னிக்கு நான் திருமுக்கூடல் கோயில்ல போயிப் படுத்துக்கறேன். நீங்க ஜாம்ஜாம்னு நடத்துங்க"ன்றா. அலமு ரெண்டு நாளா சோறு துன்னல. ஆயா ஆரத்தி எடுக்காத கல்யாணம் எனக்கு வாணாம்னு அது ஒரு பக்கம் அழுவுது.

உன்ன இன்னொரு தடவ கேக்கமாட்டேன்.

பெரியநாயகி

---

பாங்காக்
21-12-70

அக்கா,

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படி. உட்கார்ந்து படி.

மில்லுக்குப் புதுத் தறி விற்ற ஜப்பான் கம்பெனியிலிருந்து இரண்டு இன்ஜினீயர்கள் வந்திருக்கிறார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி மேனேஜர் என்னையும் பிரசெர்ட்டையும் அனுப்பினார். பிரசெர்ட் என் ஷிப்ட்டில் வேலை செய்கிற தாய்லாந்துப் பையன், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். காலையில் கால்வாயில் படகுச் சந்தை, மத்தியானம் அயோத்யா என்கிற பழைய தலைநகரத்து இடிந்த கோயில்கள், சாயங்காலம் திரும்பறது. இதுதான் திட்டம். நான் எதையும் தேடிப் போகவில்லை.

மேலே அந்தக் கடைசி வரி பொய். அடிக்காமல் விடுகிறேன். உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமையே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வாசலில் பூ விற்கிற வீரபத்திரன் என்ற கிழவரைக் கேட்டேன். "காஞ்சிபுரத்து ஆளாப்பா? ஒருத்தரு வருவாரே, நவராத்திரிக்கு நவராத்திரி. சந்தையில படகுல இட்லி விக்கறவரு. ஏழெட்டு வருசமாக் காணோம்" என்றார். மேனேஜர் யாரை அனுப்பலாம் என்று பார்த்தபோது நானே கை தூக்கினேன்.

விடியறதுக்குள் படகில் ஏறினோம். இங்கே கார் இஞ்சினை அப்படியே கழற்றிப் படகின் பின்னால் மாட்டி, நீளத் தண்டு வைத்து விசிறியைச் சுற்றவிடுகிறார்கள். காது கிழிகிறது. இரண்டு பக்கமும் தண்ணீரில் கால் ஊன்றின மரவீடுகள். சந்தை வந்ததும் படகுக்குப் படகு இடைவெளியே இல்லை. வாழைத்தார், தேங்காய், மீன், கொதிக்கிற சூப், எல்லாம் படகில். விற்கிறது எல்லாம் பொம்பளைகள், தலையில் ஓலைத் தொப்பி. ஜப்பான்காரர்கள் போட்டோ எடுத்தபடி வந்தார்கள்.

எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. மிளகு, சீரகம், சுக்கு. மூன்றும் ஒரே மாவில். வேகிற உளுந்து. அக்கா, இந்த உலகத்தில் அந்த வாசனை எந்த ஊர் வாசனை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சின்னப் படகில் கரி அடுப்பு, அதன்மேல் பானை, பானைக்குள் நீட்டு மூங்கில் குடலை. மந்தாரை இலைக்குப் பதில் வாழை இலை. நம் பெருமாள் கோயில் குடலை இட்லியைத் தாய்லாந்துப் பொம்பளை ஒருத்தி கத்தியால் வில்லை வில்லையாக அறுத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

பேர் மாலி. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். யார் சொல்லிக் கொடுத்தது என்று பிரசெர்ட்டை விட்டுக் கேட்டேன். "என் வீட்டுக்காரர், இந்தியாக்காரர்" என்றாள். பேர் கேட்டேன். "சுன்தலம்" என்றாள். கலியாணசுந்தரம் என்ற நைனா பேரில் அவளுக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். அப்போதும் நான் நம்பவில்லை. உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்றேன். அவள் கையைத் தண்ணீரில் நனைத்துப் படகுப் பலகையில் ஒரு விரலால் வரைந்து காட்டினாள். அவர் வலது கையில் பச்சை குத்தியிருந்ததாம். அவளுக்கு அது எழுத்து என்றே தெரியாது. பூ என்று நினைத்திருக்கிறாள்.

"பெ" என்று வரைந்தாள் அக்கா. உன் பேரின் முதல் எழுத்து.

நாற்பத்து நாலில் அவள் அப்பாவின் படகில்தான் ஏறியிருக்கிறார். காய்ச்சல் தெளிய ஆறு மாசம். அப்புறம் அங்கேயே இருந்துவிட்டார். பிள்ளை இல்லை. ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், ஒரு பெண், வயிற்றில் ஒன்று என்று சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். கத்திவிட்டேன் போல, பக்கத்துப் படகுக்காரிகள் திரும்பினார்கள். அவள் சொன்னதைப் பிரசெர்ட் சொன்னான்: முதல் இரண்டு வருசம் பயம், அப்புறம் கையில் காகிதம் எதுவும் இல்லை, அதுக்கப்புறம் வெட்கம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அடுத்த வருசம் போறேன் என்பாராம். அறுபத்து மூன்றில் மஞ்சள் காமாலை. எரித்த சாம்பல் கால்வாய் ஓரத்துப் புத்தர் கோயில் சுவரில் இருக்கிறது.

ஜப்பான்காரர்களில் சின்னவன் அதற்குள் ஒரு வில்லை இட்லி வாங்கித் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று குனிந்து கும்பிட்டான். என் வயசுதான் இருக்கும். இவனை என்ன செய்ய?

அதோடு வேனில் ஏறி இரண்டு மணி நேரம் அயோத்யாவுக்குப் போனோம். இருநூறு வருசத்துக்கு முன்னால் பர்மாக்காரன் கொளுத்தின ஊர். செங்கல் கோபுரங்கள் பாதி பாதியாக நிற்கின்றன. வரிசையாக உட்கார்ந்த புத்தர்கள், ஒருத்தருக்கும் தலை இல்லை. அப்படித் தலை இல்லாத ஒரு சிலைக்கு யாரோ புது மஞ்சள் துணி சுற்றி, அன்றைக்குப் பறித்த பூ வைத்திருந்தார்கள். எனக்கு இருந்த கோபத்தில் பிரசெர்ட்டிடம், "தலையே இல்லை, யாருக்கடா பூ வைக்கிறீர்கள்?" என்றேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. "தலை எங்கே இருந்ததுன்னு எங்களுக்குத் தெரியும் சார்" என்றான்.

இதுதான் நடந்தது. நைனா உயிரோடு இருந்தார். இப்போது இல்லை. அம்மாவிடம் சொல். முகூர்த்தத்துக்கு முன்னால் சொல். கூட இருக்கிற குங்குமம் வீரபத்திரன் கொடுத்த கோயில் பிரசாதம், அலமுக்கு.

பரசுராமன்

---

பிள்ளையார்பாளையம்
4-1-71

அறிவு கெட்டவனே,

நாலு தாளு எழுத நேரம் இருந்துது. அந்தப் பொட்டலத்து மேல "அலமுக்கு"ன்னு ரெண்டு எழுத்து எழுத நேரம் இல்லியா? யாராவது படிச்சுச் சொல்லியிருப்பாங்க.

தபால்காரரு வந்தப்ப நான் தறிக்குப் பாவு நூலு வாங்கப் போயிருந்தேன். அம்மா கையில குடுத்திருக்காரு. படிக்கத் தெரியாதவ, சயாம் ஸ்டாம்ப மட்டும் அடையாளம் தெரியும். ஓரத்தக் கிழிச்சிருக்கா. மடியில குங்குமம் கொட்டிச்சுது.

தூரதேசத்துலேர்ந்து பொண்டாட்டிக்குக் குங்குமம் வந்தா யாரு அனுப்பினதுன்னு அர்த்தம்? ஊரு உலகத்துல எந்தத் தம்பியாவது கல்யாணப் பொண்ணுக்குன்னு குங்குமத்தச் சாவு சேதிக்குள்ள மடிச்சு அனுப்புவானா? நான் திரும்பி வரப்ப அம்மா தெரு நடுவுல நிக்கறா. நெத்தியில அந்தக் குங்குமம். எதிர் வூட்டு ஜெயம்மா, அது கண்ணாயிரத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, அதுங்கையப் புடிச்சிக்கினு, "சேதி கேட்டாரே உங்க அண்ணன், போயிச் சொல்லு, சயாமுலேர்ந்து குங்குமம் வந்திருக்குது"ன்னு சொல்லிக்கினு இருக்கறா. சிரிக்கறா. நான் அம்மா சிரிச்சுப் பாத்து எத்தினி வருசம் ஆச்சு.

"காயிதத்துல இன்னா போட்டிருக்குதுடி?"ன்னா. "சௌக்கியம்னு போட்டிருக்குது"ன்னேன். அவ்ளோதான் என் வாயில வந்துது.

மறுநா கண்ணாயிரமே மல்லிப்பூ வாங்கிக்கினு வந்துட்டாரு. "தப்பா நெனைக்காதீங்கம்மா, ஆரத்தி நீங்கதான் எடுக்கணும்"ன்னாரு.

உன் காயிதத்த அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கறேன். சாவு சேதி வந்த காயிதத்த வூட்டுக்குள்ளயே வைக்கக் கூடாது, படிச்ச ஒடனே கிழிச்சுப் போடணும். அந்த "பெ" இருக்கற தாள என்னால கிழிக்க முடியல. நீ வாயத் தொறக்காத.

பெரியநாயகி

---

பாங்காக்
16-1-71

அக்கா,

குங்குமம் என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை. கவரில் இடம் இருந்தது, போட்டேன்.

ஆனால் நீ செய்தது தப்பு இல்லை, மோசடி. ஏழு வருசம் முன்னால் செத்தவர் பேரில் அம்மாவை மணையில் நிற்க வைக்கப் போகிறாய். நாளைக்கு எப்படியாவது வெளியே வந்தால், பொய்ப் பொட்டு வைத்தவள் என்று ஊர் அம்மாவைத்தான் சொல்லும், உன்னை இல்லை. நாலு பேருக்கு முன்னால் அவமானப்படப் போவது அவள்தான். அதை யோசித்தாயா?

கண்ணாயிரத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ அம்மாவிடம் சொல்லிவிட்டாய் என்று தந்தி வந்தால் அதைக் கிழித்துவிடுவேன். வராவிட்டால் போடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. போன ஞாயிறு மறுபடி போனேன். இந்தத் தடவை தனியாக. மாலி என்னைப் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சுவரில் ஒரு சின்ன மாடம், முன்னால் ஒரு பலகை. சிமென்ட் வைத்து அடைத்திருந்ததைப் பிக்கு ஒருவர் பெயர்த்துக் கொடுத்தார். பாதி சாம்பலை ஒரு பித்தளைச் செம்பில் போட்டுத் துணி கட்டிக் கொடுத்தாள். பாதி அவளுக்கு. அவர் ஊர் ஆற்றில் போடு என்று சைகை காட்டினாள். செம்பு இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பரசுராமன்

---

பிள்ளையார்பாளையம்
8-2-71

தம்பிக்கு,

நான் தந்தி குடுக்கல. கண்ணாயிரத்துக்கும் உன் காயிதம் வரல. அவரு வூட்டுலேர்ந்து ஆளு வருதான்னு தெனம் வாசலயே பாத்துக்கினு இருந்தேன். வராததுக்கு இன்னா அர்த்தம்னு நான் கேக்கல.

கல்யாணம் முடிஞ்சுது. அம்மா அரக்குச் சேலை கட்டிக்கினு மொத ஆளா நின்னு ஆரத்தி எடுத்தா. திருஷ்டிப் பொட்டு வைக்கறப்ப மாப்பிள்ளைய, "இன்னாப்பா, பஸ்ஸுல டிக்கெட்டு கிழிக்கற கையி, மால போட இப்டி நடுங்குது?"ன்னு கேட்டு பந்தலே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல.

மறுவூட்டுக்கு அனுப்பிட்டு வந்து ஒக்காந்தோம். அம்மா கால நீட்டிக்கினு, "பெரியநாயகி, அந்தக் காயிதத்த எடு"ன்னா.

"எந்தக் காயிதம்?"

"குங்குமத்தோட வந்தது. அரிசி டின்னுல நீ வச்சது. படி."

"சௌக்கியம்னுதான்..."ன்னு இழுத்தேன்.

"அடி போடி. அவன் என் மவன். நல்ல சேதின்னா நாலு வரியில முடிச்சிருப்பான். நாலு தாளு எழுதியிருக்கான்னா அவனுக்கே தாங்கல. படி."

"தெரிஞ்சுக்கினேவா தெருவுல அப்டி நின்ன?"ன்னு கேட்டேன். படின்னு மறுபடி சொன்னா.

படிச்சேன். எல்லாத்தயும். செம்பு பத்தி நீ பின்னால எழுதினதயும். "பெ"ன்ற எடத்த ரெண்டு தடவ படிச்சேன். அம்மா அழுவல. கொஞ்ச நேரம் வெரல மடக்கி என்னமோ எண்ணினா. அப்புறம் கேட்டா, "அந்தப் பொம்பள, இவரு போனப்புறம் இன்னா கழட்டினா?"

புரியல எனக்கு. காயிதத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். "ஒண்ணும் கழட்டினதா எழுதலம்மா. தொப்பி போட்டுக்கினு படகுல இட்லி விக்கறான்னுதான் இருக்குது."

"அவகூட பத்தொம்பது வருசம் இருந்தாரு. என்கூட ஏழு வருசம். பத்தொம்பது வருசம் இருந்தவளே ஒண்ணும் கழட்டல. ஏழு வருசம் இருந்தவ நான் எதுக்குடி கழட்டணும்?"

சொல்லிட்டு எழுந்து போயி, மீந்த குங்குமத்த எடுத்து, கண்ணாடி முன்னாடி நின்னு வச்சுக்கினா. முன்னத்தவிடப் பெருசா. கண்ணாடியப் பாத்துக்கினே, "மெளகு தூக்கலாப் போடறாளான்னு கேளுடி. அவருக்குத் தூக்கலா இருந்தாத்தான் எறங்கும்"ன்னா. அப்பத்தான் அழுதா.

செம்பக் கொண்டாரச் சொல்றா. திருமுக்கூடல்ல மூணு ஆறும் கூடற எடத்துல கரைக்கணுமாம். தண்ணி இல்லன்னா மணலத் தோண்டியாவது கரைப்பாளாம்.

தம்பி, அவ சொன்னத எழுதிட்டேன். என் மனசையும் எழுதறேன். கொண்டாராத. அலமு இப்பத்தான் அந்த வூட்டுக்குள்ள காலு வச்சிருக்குது. பொட்டோட ஒருத்தி சாம்பல் கரைச்சான்னு கண்ணாயிரத்துக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ண வாழ வுடுவாங்களா? அங்கயே அந்தத் தண்ணியில வுட்டுடு. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்.

பெரியநாயகி

---

பாங்காக்
20-2-71

அக்கா, இது அம்மாவுக்கு. சத்தம் போட்டுப் படி. ஒரு வரி விடாதே. விட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

அம்மா,

நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. ரயிலடியில் நான் சொன்ன தகவல் சரியா தப்பா என்பது வேறு விஷயம். அதைச் சொன்னது தப்பு.

மாலியிடம் மிளகு பற்றிக் கேட்டேன். பிரசெர்ட் மொழிபெயர்த்ததும் சிரித்துவிட்டாள். முதல் ஐந்து வருசம் போதாது போதாது என்று தட்டைத் தள்ளிவிடுவாராம். இவள் ஒருநாள் கோபத்தில் ஒரு கை மிளகை அள்ளிப் போட்டாளாம். அன்றைக்குத்தான் முழுசாகச் சாப்பிட்டாராம். அதே அளவுதான் இன்றைக்கு வரைக்கும் போடுகிறாள். உன் கையளவு என்ன என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னால் அவளுக்குச் சொல்கிறேன். உனக்குக் கோபமா என்றும் கேட்டாள். அதுவும் தெரியவில்லை என்றேன்.

அக்கா, கண்ணாயிரத்துக்கு எழுதின கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஸ்டாம்பை வீணாக்காமல் ஆவியில் காட்டிப் பெயர்த்து இந்தக் கவரில் ஒட்டியிருக்கிறேன். உன் பயம் நியாயம். ஆனால் செம்பைத் தண்ணீரில் விட எனக்குக் கை வரவில்லை, இரண்டு தடவை கால்வாய்க்குப் போய்த் திரும்பிவிட்டேன். டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறேன். கஸ்டம்ஸில் கேட்டால் மிஷின் சாமான் என்பேன். கண்ணாயிரம் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பொய் எழுத வராது என்று உனக்கு எழுதினவன் நான்தான். வரும் வழியில் யோசிக்கிறேன்.

புது மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, லீவு கிடைத்துவிட்டது. பினாங்கு போய் அங்கிருந்து கப்பல். பங்குனி பிறக்கும்போது மதராஸில் இருப்பேன்.

அம்மா, துறைமுகத்துக்கு வா. கூட்டம் நெரியும், நான் உன்னைப் பார்த்து ஒன்றரை வருசம் ஆகிறது. பொட்டை நன்றாகப் பெரிசாக வைத்துக்கொண்டு வா. கப்பல் மேலிருந்து பார்க்கும்போதே எனக்கு அடையாளம் தெரியணும்.

பரசுராமன்